கிராணி கொடுத்த டிரா

மூன்றாவது முறையாகப் பழனியப்பன் ராணியை அதே கட்டத்துக்குக் கொண்டுவந்து, "செக்" என்றார். எதிரே சுகுமாரன் பலகையையே வெறித்தார்.

பழனியப்பன் தன் யானையை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், சுகுமாரனின் ராஜா அங்கேயே சிக்கிக்கொள்ளும். கால் மணி நேரமாக அது சுகுமாரனுக்கே தெரிகிறது. பேராக் மாநிலம் முழுக்க ஆடி ஜெயித்த மனுஷருக்குத் தெரியாதா?

"மூணு தடவ ஒரே நிலை வந்திருச்சி. டிரா," என்றார் நடுவர் புனிதா. ஈப்போ மூத்தோர் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அதோடு முடிந்தது.

பழனியப்பன் சிரித்தபடி கை நீட்டினார். சுகுமாரன் பட்டும் படாமலும் தொட்டுவிட்டு, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு காலத்தில் பழனியப்பன் கிராணி, பாலை அளந்து கணக்கு எழுதுபவர். மரத்தில் இறக்கிய ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தாள் என்று சொல்லி, அத்தனை பேர் முன்னிலையில் சுகுமாரனின் அம்மாவுடைய வாளியைக் கவிழ்த்த கை அது. அன்று விடியற்காலையில் மழை பெய்திருந்தது; பாலில் இருந்தது அந்தத் தண்ணீர்தான். சுகுமாரனுக்கு அப்போது பத்து வயது, இப்போது அறுபத்தாறு.

இந்த ஆளுக்கு எதிரே ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்றுதான் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் பழனியப்பன், "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சுகுமாரன் சொன்னார். பாதி ஆட்டத்தில் பழனியப்பன் மறுபடியும் அதையே கேட்டார். பால்மரம் வெட்டியவள் மகன் சொன்னால் காதில் ஏறுமா என்று சுகுமாரன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த அரைப் புள்ளிதான் எச்சில் சோறு போலத் தொண்டையில் நின்றது.

வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினார். பழனியப்பன் அதே மேசையில் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கிராணி, எங்கம்மா பால் வாளிய கவுத்தீங்களே, அன்னிக்கு ஒரு சொட்டு எரக்கம் காட்டல. இன்னிக்கு எனக்குப் பிச்ச போடுறீங்களா? அசிங்கமா இல்ல ஒங்களுக்கு?"

பழனியப்பன் நிமிர்ந்து, புது ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் புன்னகைத்தார்.

"ஒக்காருங்க. தம்பி எந்தத் தோட்டம்? என்கூட ஆட வேண்டியவரு இன்னும் வரல லா."