மிச்ச மாத்திரை

சாம்பல் கரைந்துவிட்டது.

அடுத்து பாய். அதற்கடுத்து தலையணை.

கடைசியாக மருந்துப் பை. கொழுந்தன் தவசி இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் முடிச்சை அவிழ்த்தான்.

"அண்ணன் தின்ன மிச்சம் அண்ணனோடயே போட்டும்."

அவர்கள் வழக்கம் அது. செத்தவர் புழங்கியதெல்லாம் கடலுக்கு. கடல் என்ன, வேண்டாமென்றா சொல்லப்போகிறது?

கரையில் நின்றவள் கட்டிய சேலையோடு இறங்கிப்போய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன மதினி இது?" என்றான் தவசி.

விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்த உடம்பு. எங்கிருந்து ஆரம்பிக்க? கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலையே கடலடிச் சேற்றைச் சலித்துப் புழு பொறுக்குவதுதான். நூல் மாதிரிப் புழுக்கள். சுத்தமான கடல்தண்ணீரில் விட்டால், விட்ட கையோடு சேற்றுக்குள் புகுந்துகொள்ளும். மாத்திரை கரைந்த தண்ணீரில் விட்டால் புகத் தோன்றாமல் மேலேயே கிடக்கும். மீனுக்குக் கேட்கவா வேண்டும்? கொத்திக்கொண்டு போய்விடும்.

புருஷன் சாம்பலைக் கரைத்த இடத்தில் நின்று புழுவுக்குப் பரிந்து பேசினால் ஊர் சிரிக்காதா?

"இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தது வினை. நாத்தனார் செண்பகக்கனியின் முகம் வெளுத்துவிட்டது. பையில் பாதிக்கு மேல் தூக்க மாத்திரை.

அதிலிருந்து அவளைத் தனியே விடவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நாத்தனார். புழக்கடைக்குப் போனால் பின்னாலேயே நாத்தனார். எரிச்சலாக இருந்தது. பையை பீரோவில் வைத்துப் பூட்டினாள். காரியம் முடிந்து வேலைக்குப் போகும்போது கொண்டுபோனால், அங்கே கழிவு மருந்தை எரிக்கவென்றே ஆள் வருவார்கள். அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

நாத்தனார் பயந்த அந்த எண்ணம் அவளுக்கு வரவே இல்லையா என்றால், வந்தது. ஒரே ஒரு தரம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

மத்தியானம் தன்னையறியாமல் கண்ணயர்ந்தாள். விழித்தபோது இடுப்பில் சாவி இல்லை; பீரோ திறந்து கிடந்தது.

செண்பகக்கனி ஈரக் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கோவப்படாதீங்க மதினி. அம்புட்டையும் பிரிச்சு கக்கூஸ்ல கொட்டி வாளி வாளியா தண்ணி ஊத்திட்டேன். அண்ணன்தான் போயிட்டான். நீங்களாச்சும் எங்களுக்கு வேணும்."

கக்கூஸ் குழாய் தெரு ஓடையில் விழுகிறது. ஓடை கடலில் விழுகிறது.

சொல்வதற்கு வாயைத் திறந்தாள்.

தோளில் கிடந்தவள் இன்னும் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"நல்ல காரியம் செஞ்ச, தாயி" என்றாள்.