எலியின் கண்ணில் மஞ்சள் கையுறை

உடம்பில் எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஒரே பொருள் கருவிழிதான் என்று அந்த ஆராய்ச்சி மாணவன் கண்டுபிடித்திருந்தான். அதைக் கேட்க ஆய்வகத்தில் ஒருவர்தான் இருந்தார்: எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

கருவிழி கொடுக்கப்போகும் எலியைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, மஞ்சள் கையுறை மாட்டி, விஷவாயுவின் குமிழைத் திருகுவது அவன் வேலை. அக்கா பெட்டிமேல் துண்டைப் போர்த்த வந்தார்.

“யாரு திருகுறாங்கன்னு அது பாக்க வேணாம் தம்பி.”

“பாத்தா என்னக்கா, ஸ்டேஷன்ல போய் சாட்சி சொல்லுமா?” என்று துண்டை உருவி அவர் தோளிலேயே போட்டான்.

ஆறு எலிகளின் கருவிழிகளை வேறு ஆறு எலிகளுக்கு வைத்துத் தைத்தான். எட்டு வாரம் கழித்தும் ஒரு கண்கூட மங்கவில்லை. அந்தக் கண்களைப் படமெடுத்துக் கொடுத்தால் பட்டம் நிச்சயம்.

வெறுங்கையோடுதான் படமெடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தபோது, ஆறு கண்களிலும் விளக்கின் ஒளி தெரிய வேண்டிய இடத்தில் அவன் குனிந்து நின்றான். மஞ்சள் கையுறை போட்ட கை குமிழைத் திருகிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் படங்களைப் புரட்டினார். “தையல் பிரமாதம். ஆனா எல்லாத்துலயும் நீ எதுக்குப்பா வந்து நிக்கிற? இதை ஏத்துக்க மாட்டாங்க. புதுசா ஆறு பண்ணிடு.”

மறுநாள் புது எலி முன்னங்கால்களைக் கண்ணாடியில் ஊன்றி அவனையே பார்த்தது. அக்கா இன்னும் வரவில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, பெட்டிமேல் போர்த்தினான். அதற்குப் பிறகுதான் கையுறையை மாட்டிக்கொண்டான்.