உண்மை விரும்பி

"தேவிப்ரியா டீச்சர் எங்க சார்?"

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஜெயம், எதிரே நின்ற பலராமனைத் தாண்டி எட்டிப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஹால்ல இருக்காங்க. என்ன விஷயம்? பையனுக்குக் கணக்குல சந்தேகமா? கணக்கு வாத்தியார் நான்தானேம்மா?"

"தெரியும் சார். அவங்க வெப்சைட்டுல ஒண்ணு கேக்கணும், அதான்..." சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பலராமனுக்குச் சுருக்கென்றது.

ஆரணியில் அந்தப் பள்ளிக்கு அவர் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். சேத்துப்பட்டிலிருந்துகூட பஸ் பிடித்து வந்து, "எந்த புக்கு வாங்கலாம் சார், எங்க சேக்கலாம் சார்" என்று வராந்தாவில் காத்திருப்பார்கள்.

போன வருஷம் அறிவியல் டீச்சராக தேவிப்ரியா வந்தாள். இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிற படிப்புத் தளங்களில் உருப்படியானதைப் பொறுக்கி, ஒரே வெப்சைட்டில் சேர்த்தாள். பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், ஆசிரியர்களுக்கு ஒரு பக்கம், பெற்றோருக்கு ஒரு பக்கம். அதோடு விட்டாளா? கணக்குப் பயிற்சியும் விடையும் தானே எழுதிப் போட்டாள்.

கணக்கு! அவள் பாடமே இல்லை.

அதிலிருந்து வராந்தா காலி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "ஏங்க, வெம்பாக்கத்துல என் தங்கச்சி கேட்டுகினே இருக்கா. உங்க ஸ்கூல் டீச்சர் ஏதோ வெப்சைட்டு வெச்சிருக்காங்களாமே? லிங்க் அனுப்புங்களேன்" என்றாள் மனைவி கற்பகம்.

"எனக்குத் தெரியாது."

சொன்னபோது, அவர் கையிலிருந்த போனில் அந்த வெப்சைட்தான் திறந்திருந்தது.

சாயங்காலம் ஆனால் அதுதான் அவருக்கு வேலை. தப்புக் கண்டுபிடிக்கிற வேலை.

முதலில் சிக்கியது ஒரு கூம்பு. கன அளவு தப்பு. அன்றைக்குக் காபிகூட அதிகமாக இனித்தது. 'உண்மை விரும்பி' என்று பெயர் போட்டு, "விடை தப்பு. இதுகூடத் தெரியாதா?" என்று கருத்துப் பகுதியில் எழுதினார்.

மறுநாள் விடை சரியாகியிருந்தது. கீழே "மிக்க நன்றி" என்று பதில்.

அந்த நன்றி அவரை இன்னும் எரித்தது.

அடுத்து, பெற்றோர் பக்கத்தில் ஒரு லிங்கைத் தொட்டால் சூதாட்ட விளம்பரம் வந்தது. எழுதினார். எடுத்துவிட்டாள். நன்றி சொன்னாள். விடுவாரா அவர்? ஒவ்வொரு கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். சொந்த வகுப்புப் பரீட்சைப் பேப்பரைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகத் திருத்தியதில்லை.

ஒரு கட்டத்தில் எவ்வளவு தேடியும் ஒரு தப்பும் அகப்படவில்லை. அந்த ஆத்திரத்தில், "முதல்ல நீ கத்துக்கிட்டு வா. அப்புறம் ஊருக்குக் கத்துக்கொடு" என்று எழுதிவிட்டார்.

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இப்போது ஹாலில் கூட்டம் ஆரம்பித்ததுமே, ஒரு மாணவியின் அப்பா தணிகாசலம் எழுந்தார்.

"மேடம், எங்க வீட்ல பவர்லூம் ஓடிகினே இருக்கும். அந்தச் சத்தத்துல நாம சொல்றது பொண்ணுக்குக் கேக்காது. காதுல ஹெட்போன மாட்டிகினு இந்த வெப்சைட்டுலதான் படிக்குது. அதுல போய் எவனோ ஒருத்தன் டீச்சரை நீ வா போன்னு எழுதி வெச்சிருக்கான். புள்ளைங்க படிக்கிற எடம் மேடம்!"

"நானும் பாத்தேன்" என்றார் தலைமை ஆசிரியை மணிமேகலை. "சும்மா விடப்போறதில்ல. போலீஸ்ல புகார் குடுத்துடலாம்னு இருக்கேன். தேவிப்ரியா, கருத்து எழுதறவங்க மெயில் ஐடி உங்களுக்கு வருமில்ல?"

"வரும் மேடம்."

பலராமன் சட்டென்று நிமிர்ந்தார். பெயரை மாற்றினால் போதும் என்றுதான் நினைத்திருந்தார். மெயில் ஐடி கேட்ட இடத்தில் சொந்த ஐடியையே போட்டிருந்தார். அது யார் கண்ணிலும் படாது என்று நம்பியிருந்தார்.

அப்படியென்றால், அந்தக் கூம்பிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"யாருன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"நம்ம ஊர் ஆளா?"

"நம்ம ஸ்கூல்தான் மேடம்."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. பலராமன் வாசலைப் பார்த்தார். எழுந்து போய்விடலாம். போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

"சொல்லுங்கம்மா, யாரு?"

தேவிப்ரியா பலராமனைப் பார்த்தாள்.

"பலராமன் சார் மேடம்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டாள். பலராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவிப்ரியா எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம் சாரைக் கேட்டுகினேன். கணக்கு என் சப்ஜெக்ட் இல்ல. நான் ஒண்ணு தப்பாப் போட்டா அத்தனை பசங்களும் தப்பாவே படிச்சிடுவாங்க. அதான், 'வேற பேர்ல எழுதுங்க சார், தாட்சண்யம் பாக்காம திட்டுங்க, அப்பதான் எனக்கு உறைக்கும்'னு சொன்னேன். இன்னிக்கு அதுல ஒரு கணக்குகூடத் தப்பில்லன்னா, அது சாராலதான்."

தணிகாசலம்தான் முதலில் கை தட்டினார். பிறகு ஹால் முழுக்கத் தட்டியது. "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றாள் ஜெயம்.

தேவிப்ரியா அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து, பலராமன் அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.