டைமிங் வைத்த கை

"பிரேக்கை மட்டும் பாருங்கண்ணா. டைமிங்ல கை வெச்சுப்போடாதீங்க" என்றபடி பழைய ஜாவா பைக்கை நிறுத்தினான் யஷ்வந்த். "அதை வெச்சவரு மாதிரி இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாதுங்க."

சூலூரில் இருபது வருடமாக டைமிங் வைக்கிற மெக்கானிக் பிரான்சிஸுக்கு வயிறு எரிந்தது.

"ஆருங்க அவரு?"

"தெரியலீங்க. சத்தியமங்கலத்துல வாங்குன வண்டி. நாலு கை மாறி, பெயிண்டும் மாறி வந்துச்சுங்க."

யஷ்வந்த் டீ குடிக்கப் போனதும் பிரான்சிஸ் எஞ்சின் மூடியைக் கழற்றினான். அப்படி என்ன பெரிய கொம்பன்? தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கிற பாயிண்ட் பிளேட்டைத் தளர்த்தி, தன் கணக்குக்குத் திருப்பி வைத்து உதைத்தான். வண்டி இருமியது. மறுபடி திருப்பினான். இன்னும் மோசம்.

எரிச்சலோடு அழுக்கைத் துடைத்தான். பிளேட்டில் ஒன்றும் எஞ்சினில் ஒன்றுமாக இரண்டு ஊதாப் பொட்டுகள் விலகி நின்றன. நகப்பூச்சு. டைமிங் வைத்து முடித்ததும் அடையாளத்துக்காக அவனே நேருக்கு நேராக வைக்கிற பொட்டு. மனைவி அன்புச்செல்வியின் ஊதா. வேறு எந்த மெக்கானிக்கிடமும் கிடையாது.

பொட்டுகளை நேராக்கி, அவசரமாக மூடியைப் பூட்டி, பிரேக்கையும் சரிசெய்தான்.

திரும்பி வந்த யஷ்வந்த் ஒரே உதையில் கிளப்பினான். "டைமிங்ல கை வெக்கலீங்களே?"

"ச்சே! மூடியவே தொறக்கலீங்க."

"அந்தப் புண்ணியவான் ஆருன்னு தெரிஞ்சா சொல்லுங்கண்ணா. எங்க கிளப்புல பத்துப் பேரு வண்டியோட அவரைத் தேடிட்டு இருக்கறோம்."

பிரான்சிஸ் எஞ்சின் மூடியை ஒரு தடவை துடைத்தான். "விசாரிச்சுச் சொல்றேனுங்க."