சோறு போட்டவங்க

“மிச்சம் இருக்கறது ஒரே ஒரு மூட்டை மாவு. அதுலயும் அவளுக்கு ஓசி ரொட்டியா?”

ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுத்து, நன்றாக உப்பிச் சிவந்திருந்த ரொட்டி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது. கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வந்து நிற்பாள். நெடுநெடுவென்று உயரம், தலையில் சாயம் போன துணி, ஐம்பதைத் தாண்டிய வயது. வேற்று நாட்டுக்காரி, பாஷை தெரியாது. ரொட்டியை வாங்கிக்கொண்டு “நன்றி” என்பாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதனால் மனைவி அவளுக்கு நன்றிக்காரி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

ஓசியில் கொடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் தன் மாமனாரே வந்தாலும் இடத்தை விட்டு அசையாத மனுஷன், நன்றிக்காரி வந்தால் மட்டும் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் ரொட்டியை நீட்டுகிறார். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

பூகோள வாத்தியார் பையைச் சுருட்டி அக்குளில் வைத்தபடி உள்ளே வந்தார்.

“கோதுமைக் கப்பல் வந்துடுச்சா சார்?” என்றாள் மனைவி.

“எங்கேம்மா? துறைமுகம் காத்தாடுது.” வாத்தியாருக்குப் பாடம் எடுக்க ஆள் கிடைத்தால் போதும். “உலகத்துல கோதுமை விளைவிக்கிற நாடுகளை வரிசையா எழுதினா, நம்ம தீவுகளோட பேரைத் தேட பூதக்கண்ணாடி வேணும். ஆனா வெளியிலேர்ந்து வாங்கறதுல முன்வரிசையில நிக்கிறோம். சாப்பிடறதுல கேக்கவே வேணாம்.”

“அப்ப நாம எதுலயுமே முன்னாடி இல்லையா?”

“ஏன் இல்ல? மிளகு ஏத்துமதியில நாம ரெண்டாவது.”

“மிளகை மேல தூவலாம். பிசைய முடியுமா சார்?”

“அதுக்குத்தானே வியாபாரம்னு ஒண்ணு இருக்கு. நம்ம மிளகு அங்க போகுது, அவங்க கோதுமை இங்க வருது. இப்ப கப்பல் ஏன் வரலைன்னா…”

“காரணத்தை வச்சு நான் என்ன பண்ண? கப்பல் வந்தா சொல்லுங்க.”

பாடம் பாதியில் நின்றுபோன வருத்தத்தோடு வாத்தியார் ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். நாளை அடுப்பு எரியப்போவதில்லை என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை ஒன்று மனசை அரித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, மழுப்பாம சொல்லுங்க. யாரு அவ?”

கடைக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டினார். “எனக்குச் சோறு போட்டவங்க.”

அவள் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் தொழில் கற்றுக்கொள்ள வெளியூரில் தனியாக இருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அவள் இதுவரை துருவியதில்லை.

“எப்போலேர்ந்து?”

“தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து.”

“உங்க அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா அம்மாவும் சாப்பிட்டிருக்காங்க.”

“இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?”

“எனக்கே போன மாசம்தானே தெரியும்.”

“யார் போட்டதுன்னே தெரியாம சாப்பிட்டீங்களாக்கும். யாருக்குங்க காது குத்தறீங்க?”

“நீயும்தான் சாப்பிட்டிருக்கே.”

“நானா? அவ கையாலயா?” அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கடையில் பாதி உழைப்பு அவளுடையது. அவரோடு சேர்ந்து மாவு பிசைந்து பிசைந்து அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கிறது. நடுவில் இன்னொருத்தி வந்து சோறு போட்டாளாம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. நன்றிக்காரிதான். கடைக்காரர் எழுந்தார். மனைவி முந்திக்கொண்டு, எடுத்து வைத்திருந்த ரொட்டியைக் கையில் எடுத்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

“நீ யாரு? எந்த ஊரு? இவருக்கு நீ எதுக்குச் சோறு போட்டே?”

நன்றிக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம் மட்டும் விளங்கியது. நீட்டிய கைகளை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். அந்த உள்ளங்கைகள் மனைவியுடையதைவிட மோசமாகக் காய்த்து, வெடித்திருந்தன. மனைவி ஒரு கணம் தடுமாறினாள்.

“அவங்களை விடு, நான் சொல்றேன்.” கடைக்காரர் குறுக்கே வந்தார். “முதல் நாள், நீ கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, இவங்களோட வந்த பொண்ணு நம்ம பாஷையில எல்லாத்தையும் சொல்லுச்சு. கப்பல் மேல இருக்கற கோபத்தை நீ இவங்க மேல காட்டிடுவியோன்னுதான் நான் வாயைத் திறக்கல.”

“கப்பலுக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?”

“கப்பல் வராததுக்கும் இவங்க வந்ததுக்கும் ஒரே காரணம்தான். இவங்க கோதுமை வயல்லதான் இப்ப சண்டை நடக்குது. இத்தனை வருஷமா நாம பிசைஞ்சது இவங்க நாட்டு மாவு.”

மனைவி ரொட்டியை அந்த வெடித்த கைகளில் வைத்து, கைகளை விடாமல் பிடித்தபடி, கண் கலங்கக் கணவரிடம் கேட்டாள்: “நாளையிலேர்ந்து கடையில ரொட்டி இருக்காதே, அவங்களுக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னு காட்டினீங்களா?”