ஆபரேஷன் பண்ணியே ஆகணும்

“ஆபரேஷனுக்குத் தேதி வாங்காம போடிக்குத் திரும்ப மாட்டேன்” என்று மனைவி மகாராணியிடம் சொல்லிவிட்டுத்தான் சுருளி மதுரை டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“ஆறு மாசமா வெறும் வயித்துல மாத்திரை போடுறேன் சார். ஒருநாள் தப்பல. இன்னமும் குனிஞ்சா நெஞ்செரியுது. அறுத்துத் தச்சு விட்ருங்க.”

“இவுக சுத்தக்காரரு சார்” என்றாள் மகாராணி. “குரங்கணியில சூடு போட்டு ஏலக்கா காயவைக்கிற ஸ்டோரு இவுக பொறுப்பு. இருபது வருஷத்துல ஒரு காய் நமுத்ததில்ல.”

டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்தார். “மாத்திரையை எங்க வச்சிருக்கீங்க?”

“ஸ்டோருக்குள்ளதான். மலையில ஒரே சாரல் பாருங்க. அட்டையைப் பிரிச்சு, ஏலக்காயோட தட்டுல பரப்பி வச்சிருக்கேன். ஒண்ணுகூட நமுக்கல.”

“அங்க சூடு எவ்வளவு?”

“அம்பது டிகிரி. குறைய விடமாட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். “மருந்துக்குக் கேக்காத நோய்க்குத்தான் ஆபரேஷன். நீங்க இன்னும் மருந்தே சாப்பிடலையே. அந்தச் சூட்டுல அதோட சக்தி என்னைக்கோ போயிருக்கும். புதுசா வாங்கி, சூடு படாத இடத்துல வச்சு, ரெண்டு மாசம் போட்டுட்டு வாங்க.”

ஆபரேஷன் கைநழுவியதுகூடச் சுருளிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இருபது வருஷத்தில் அவர் கையில் காய்ந்து கெட்டுப்போன முதல் சரக்கு அந்த மாத்திரைதான்.