புதுச் சாமையில் வீரன் சோறு

"சாமி வாயில வெக்காத புதுச் சாமைய, போன்ல குதிக்கிற பொம்மைக்குப் பொங்கிப் போட்டிருக்கியே! இன்னா திமிரு புள்ள உனக்கு!"

ஊர் மூப்பர் கரியன் போட்ட சத்தத்தில் கோயில் மரத்தடியில் கூடியிருந்த மலைக்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் நின்ற மணிமொழி கையைக்கூடக் கட்டவில்லை. அவள் அம்மா பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார் அதிகாரி. மணிமொழிக்குப் பழங்குடிச் சான்று தரலாமா, கூடாதா என்று விசாரிக்க, அவள் மறுமனு போட்டதால் நாள் குறித்துச் சொல்லிவிட்டு இரண்டாம் முறையாகக் கல்வராயன் மலை ஏறி வந்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் சான்று வராவிட்டால் அவளுடைய நர்சிங் சீட்டு போய்விடும்.

போன வாரம் வந்தபோது, அவளுடைய யூடியூப் சேனலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வீடியோ கேமில் வரும் சாப்பாட்டை அப்படியே விறகடுப்பில் சமைத்துக் காட்டும் சேனல் அது.

"கீழ கள்ளக்குறிச்சியில ஒதுக்கீடு கேட்டு ஆளுங்க ரோட்டுல உக்காந்துக்கினு இருக்காங்க. கச்சிராயபாளையத்துக்கு பஸ்சே இல்ல. நீ என்னடான்னா கேம் பாத்து சமைச்சிக்கினு, பழங்குடின்னு எழுதிக் குடுங்கன்ற. தனியா ஒரு வழக்கம், ஒரு கட்டுப்பாடு வேணாமா? வூட்ல மிக்சி வேற!"

"மிக்சி இருந்தா மலைச்சாதி இல்லியா சார்? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இந்த மண்ணுலதான் செத்தாங்க. எங்க வழக்கம் எல்லாம் சொல்றேன், எழுதிக்கங்க."

"வாயால யார் வேணா சொல்லலாம்மா."

அவ்வளவுதான், ஃபைலை மூடிவிட்டார். பிறந்ததிலிருந்து மலையில் வளர்ந்தவளைப் பார்த்து, அரை மணி நேரத்தில் நீ மலைக்காரி இல்லை என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு ஒரு ஜீப் போதுமாக இருந்தது.

இன்று அவருக்கு நாற்காலி போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. தூசிக்குப் போட்டிருந்த முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஓரமாக நின்றார்.

"இன்னா ஆக்கின? எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு!" என்றார் கரியன்.

"வீரன் சோறு, பெரிப்பா. கேமுல அடிபட்டு வுழுந்தவன் அதத் தின்னாத்தான் எழுந்திருப்பான். ஊதா கலர்ல இருக்கும். பசலைப் பழத்தப் பிழிஞ்சி கலர் சேத்தேன். மேல காளானு, கொஞ்சம் தேனு."

"அதுக்குப் புதுச் சாமைதான் கெடச்சிதா? இப்பதான் அறுத்தது, புத்தம் புதுசுன்னு வீடியோவுல நீயே சொல்றியே!"

"ஆமா, சொன்னேன். அதுக்கு இன்னா இப்ப? ஒரே ராத்திரியில பதினோராயிரம் பேரு பாத்திருக்காங்க."

கூட்டம் கொதித்துவிட்டது.

"சாமிக்குப் பொங்கல் வெக்காம நாங்க ஒரு மணி வாயில போடல. பச்சப் புள்ள அழுவுதுன்னு கஞ்சி கூட காச்சல. இவளுக்கு மட்டும் நாக்கு கேக்குதா?" என்று எழுந்து நின்று கத்தினாள் தைலம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். மணிமொழி தலை குனியவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

கரியன் கையைத் தூக்கினார். "மூணு நாளைக்கு இவ வூட்ல அடுப்பு எரியக் கூடாது. யாரும் நெருப்பு குடுக்கக் கூடாது, சோறும் குடுக்கக் கூடாது. மூணாம் நாளு தலைக்கு ஊத்திக்கினு வந்து, ஊருக்கு முன்னால வுழுந்து கும்புடணும்."

ஓரமாக நின்ற அதிகாரிக்கே பொறுக்கவில்லை.

"என்னய்யா அநியாயம் இது! ஒரு சட்டி சோத்துக்கு மூணு நாள் பட்டினியா? இந்தக் காலத்துல இப்படியும் ஒரு கட்டுப்பாடா?"

கரியன் திரும்பி முறைத்தார். "நீங்க கீழ்நாட்டுக்காரங்க, இதுல தலையிடாதீங்க சார். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதான் மொற. நீங்க சர்டிபிகேட்டு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, மொறய வுட மாட்டோம்."

'மொற' என்ற வார்த்தையைக் கேட்டதும் அதிகாரி நிமிர்ந்தார். பிறகு ஃபைலை எடுத்து ஜீப்பின் பானட் மேல் விரித்தார். என்ன பயிர், எந்தச் சாமி, யார் தீர்ப்பு சொல்வது என்று தைலம்மாளை விடாமல் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"பழங்குடிதான்னு எழுதிட்டேன்மா. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்து சான்று வாங்கிக்கோ," என்றார் மணிமொழியிடம். "பட்டினி கிடந்துட்டு பஸ் ஏறாத, மயக்கம் வரும்."

ஜீப் கிளம்பியது. முணுமுணுத்துக்கொண்டே ஊரும் கலைந்தது.

வீட்டுக்குள் நுழைந்து, தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பைப் பார்த்ததும் பாவாயிக்கு ஆத்திரம் மறுபடியும் பொங்கியது.

"சாமி குத்தமாயிடுச்சேடி பாவி! நான் காட்டுக்குப் போன நேரம் பாத்து, அந்தப் பாழாப்போன கேமுக்காகப் புதுச் சாமையத் தொட உனக்கு எப்பிடிடி மனசு வந்திச்சி?"

மணிமொழி கதவைச் சாத்திவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அது போன வருசத்துச் சாமைம்மா. ஆபீசரு வர்ற நாளு பாத்துத்தான் புதுசுன்னு பொய் சொல்லி வீடியோ போட்டேன். நெசத்தச் சொன்னப்ப அந்தாளு ஒரு வரி எழுதிக்கலியே!"